தவறுக்குப் பின் வரும் மூன்று வினாடி: தண்டனை ஓட்டமா, தியானமா, பழக்கமா?

11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளாகக் கூடைப்பந்து கற்றுத்தருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் ஒழுங்குக்கு என் கையில் இருந்த ஒரே கருவி ஓட்டம். பாஸைத் தவறவிட்டால் ஓட்டம், நான் பேசும்போது பந்தைத் தட்டினால் ஓட்டம், தாமதமாக வந்தால் ஓட்டம். களத்தின் ஒவ்வொரு கோட்டையும் தொட்டுத் திரும்புகிற அந்த ஓட்டத்தை நானும் சிறுவயதில் ஓடியிருக்கிறேன். அதனால் அது சரியா என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஐந்தாம் ஆண்டு, ஒரு பருவம் முழுக்கப் பயிற்சிக்கு முன் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு இன்றுவரை மூன்றாவது வழியில் போகிறேன்: அடக்கத்தையும் கவனத்தையும் தனிப் பாடமாக நடத்தாமல், சிறு சிறு பழக்கங்களாக ஆட்டத்துக்குள்ளேயே வைத்துத் தைப்பது. நான் இந்த மூன்றாவதன் பக்கம்தான். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப்போவதில்லை.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். மூன்றுக்கும் பணச் செலவு இல்லை. உடனடிப் பலன் வேண்டுமென்றால் தண்டனை ஓட்டத்தை எதுவும் மிஞ்சாது; ஒரே விசிலில் கூடம் அமைதியாகிவிடும். தியானத்துக்குப் பத்து நிமிடம் தனியாக ஒதுக்க வேண்டும். பழக்கத்துக்குத் தனி நேரம் தேவையில்லை, ஆனால் முதல் ஆறு வாரம் எதுவும் நடக்காததுபோலவே இருக்கும். அந்த ஆறு வாரத்தைப் பொறுக்க முடியாத பயிற்சியாளர் பாதியில் கைவிட்டுவிடுவார். நானே இரண்டு முறை கைவிட இருந்தேன்.

என் முடிவை மாற்றியது இவற்றில் எதுவும் இல்லை. ஒரு போட்டியில் 12 வயதுப் பையன் ஒருவன் நடுக்கோட்டுக்கு அருகே பந்தைத் தரையில் தட்டியபடி நகர்ந்துகொண்டிருந்தபோது பந்தைப் பறிகொடுத்தான். பந்து போன அந்த நொடியில் அவன் கண் பந்தைப் பார்க்கவில்லை, பறித்தவனைப் பார்க்கவில்லை, பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தது. நான் என்ன சொல்லப்போகிறேன், நாளைக்கு எத்தனை ஓட்டம் என்று அந்த முகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் எதிரணிப் பையன் யாரும் தடுக்காமல் கூடைக்கு அருகே ஓடிப்போய் லே-அப் போட்டு முடித்துவிட்டான். அன்று இரவு போட்டியின் வீடியோவைப் போட்டு, பந்து கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட தடவை எங்கள் பிள்ளைகளின் பார்வை முதலில் போனது பெஞ்சுக்குத்தான்.

கூடைப்பந்தில் இது சாதாரணக் குறை அல்ல. களத்தின் மொத்த நீளமே 28 மீட்டர். நடுவில் பந்தைப் பறித்தவனுக்குக் கூடை 14 மீட்டருக்குள் இருக்கிறது. பல ஆட்டங்களில் ஒரு தவறுக்குப் பிறகு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இங்கே தவறும் அதற்கான பதிலடியும் மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே தன்னடக்கம் என்று நான் தேடுவது வரிசையில் அசையாமல் நிற்பதை அல்ல. தவறு நடந்த அந்த மூன்று வினாடியில் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு அளவுகோல்.

அந்த அளவுகோலில் தண்டனை ஓட்டம் தோற்கிறது. அது பிள்ளையின் கவனத்தைக் கூர்மையாக்கத்தான் செய்கிறது, ஆனால் கூர்மையாக்கி என் மீது திருப்பிவிடுகிறது. வேறு இரண்டு கெடுதல்களையும் பார்த்தேன். ஒன்று, தவறுக்கு விலை வைத்தவுடன் பிள்ளைகள் பழக்கமில்லாத கையால் பந்தைத் தட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். வலக்கைக்காரன் இடக்கையால் பந்தைத் தட்டக் கற்றுக்கொள்வதென்றால் நூறு முறை பந்தை இழக்க வேண்டும். இழப்புக்கெல்லாம் ஓட்டம் என்றால் எந்தப் பிள்ளை இழக்கத் துணியும்? வெளியிலிருந்து பார்த்தால் அது கட்டுப்பாடான ஆட்டம்போலத் தெரியும். உள்ளே இருப்பது பயம். இன்னொன்று, அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும். முதல் மாதம் இரண்டு சுற்றுக்கு அடங்கியவர்கள் நான்காம் மாதம் ஆறு சுற்றுக்குத்தான் அடங்கினார்கள். நான் வராத நாளில் ஆறு சுற்றும் இல்லை, அடக்கமும் இல்லை. ஓட்டம் உடலுக்குத் தேவைதான், அதை மறுக்கவில்லை. தேவையான ஒன்றுக்குத் தண்டனை என்று பெயர் வைத்து வெறுக்கப் பழக்கிவிட்டேனே என்பதுதான் என் வருத்தம்.

தியானத்தைப் பற்றி நான் அடக்கியே பேச வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன், தியான ஆசிரியர் ஜார்ஜ் மம்ஃபோர்டை அழைத்து வந்து சிகாகோ புல்ஸ் அணிக்கும் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கும் தியானம் பழக்கினார். பயிற்சியாளராக ஜாக்சன் வென்ற என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பட்டங்கள் 11. ஆனால் அவர்கள் வளர்ந்த தொழில்முறை வீரர்கள். என்னிடம் இருப்பது ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். எனக்கு அதை முறையாகக் கற்பிக்கவும் தெரியாது, ஒரே ஒரு பருவம்தான் முயன்றேன். பிள்ளைகள் அமைதியாக உட்காரக் கற்றுக்கொண்டார்கள், அது உண்மை. அந்த அமைதி பாயிலிருந்து எழுந்து களத்துக்கு வரவில்லை. நல்ல ஆசிரியர் கையில் அது வேறுமாதிரி இருக்கலாம்.

இனி, நான் செய்வது.

பந்து போனால் மூன்று வேலை: திரும்பு, ஓடு, உன் ஆளைத் தடுக்க நில். இதை வாயால் சொல்லித்தர முடியாது. பயிற்சி ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே நான் பந்தைத் தட்டிவிடுவேன், அல்லது ஒருவனிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லி மோசமான பாஸ் போட வைப்பேன். பந்து போனதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் எதிரணியின் பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் ஐந்து பேரும் திரும்பி வந்துவிட்டால் அவர்கள் அணிக்கு ஒரு புள்ளி. எண்ணுவது நான் அல்ல, வெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இந்தக் கடைசி விஷயத்தை அற்பமாக நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது பார்த்தால் முறையின் அச்சாணியே அதுதான். எண்ணுகிற பிள்ளைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அவனே உள்ளே போகும்போது அந்தக் கண்ணோடு போகிறான்.

இரண்டாவது, விசில் ஊதியதும் பந்து யார் கையில் இருந்தாலும் அருகிலிருக்கும் நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். இரு கையாலும் கொடுக்க வேண்டும். பந்தைத் தரையில் அறைவதற்கும், கைகளை விரித்து வாதாடுவதற்கும் கை வேண்டுமே. அந்தக் கைக்கு முன்கூட்டியே வேறு வேலை கொடுத்துவிடுகிறோம். இது வந்த பிறகு எங்களுக்கு டெக்னிக்கல் ஃபவுல் (மோசமான நடத்தைக்கு நடுவர் தரும் தண்டனை) அரிதாகிவிட்டது. ‘கோபப்படாதே’ என்று நான்கு ஆண்டுகள் கத்தியதில் கிடைக்காத பலன் இது.

மூன்றாவது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் நின்று எறிவது. சர்வதேச விதிப்படி நடுவர் பந்தைக் கொடுத்த 5 வினாடிக்குள் எறிய வேண்டும். அதற்குள் அடங்குகிற ஒரே வரிசை: ஒரு மூச்சு, இரண்டு தட்டு, வளையத்தில் ஒரே புள்ளியில் பார்வை, எறிதல். ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1996-இல் ஃப்ரீ த்ரோ எறிபவர்களின் பார்வையை ஆராய்ந்தபோது, தேர்ந்தவர்கள் எறியும் அசைவு தொடங்குவதற்கு முன் வளையத்தின் மீது பார்வையை நெடுநேரம் அசையாமல் நிறுத்துவதைக் கண்டார். பிள்ளைகளுக்கு நான் சொல்வது ‘மணிக்கட்டை நினைக்காதே, வளையத்தைப் பார்’ என்பது மட்டும்தான். தியானப் பருவத்திலிருந்து மிச்சம் வைத்துக்கொண்ட அந்த ஒரு மூச்சும் இங்கேதான் இருக்கிறது. ஆட்டமே நின்று வழிவிடுகிற இடம் இது ஒன்றுதான். வரிசையாக 50 எறிய விடுவதையும் நிறுத்திவிட்டேன். போட்டியில் யாருக்கும் 50 கிடைப்பதில்லை. ஓடிக் களைத்திருக்கும்போது நிறுத்தி, இரண்டு மட்டும் எறியச் சொல்கிறேன்.

என் வாயையும் திருத்த வேண்டியிருந்தது. 12 ஆண்டுகளில் 10 தேசியக் கல்லூரிப் பட்டங்கள் வென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஜான் வுடனின் பயிற்சிகளை 1974-75 பருவத்தில் இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அவர் பேசியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல். பாராட்டும் திட்டும் சொற்பம். அதைப் படித்துவிட்டு என் பயிற்சி ஒன்றைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். ‘கவனம்! கவனம்!’ என்பதே திரும்பத் திரும்ப ஒலித்தது. எதன் மீது கவனம் என்று ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. இப்போது ‘அவன் இடுப்பைப் பார்’, ‘பந்துக்கும் உன் ஆளுக்கும் நடுவே நில்’ என்று சொல்கிறேன்.

உட்கார வைப்பதை மட்டும் தண்டனையாக வைத்திருக்கிறேன், அதுவும் ஒருவரை வேண்டுமென்றே இடித்தாலோ இழிவாகப் பேசினாலோ மட்டும். இதற்கு ஆட்டத்தின் பிறப்பிலேயே சான்று இருக்கிறது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டு அடங்காமல் இருந்த மாணவர்களுக்காகத்தான். அவருடைய 13 விதிகளில் ஐந்தாவது, தள்ளுவது, பிடிப்பது, காலை வாருவது போன்ற தவறை இரண்டாம் முறை செய்தவர் அடுத்த கோல் விழும்வரை வெளியே இருக்க வேண்டும் என்கிறது. செய்த குற்றத்துக்கு நேரான, அளவான தண்டனை. பாஸைத் தவறவிடுவது அந்தப் பட்டியலில் இல்லை.

பழக்க முறையும் ஒருமுறை செய்தால் நிலைத்துவிடுவது அல்ல. நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் முதல் வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இது எப்படி நிற்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை. கவனக் குறைபாடு என்று மருத்துவர் சொன்ன பிள்ளைகள் என்னிடம் இருவர்தான் இருந்தார்கள். ஒருவனுக்கு இந்த வரிசைமுறை மிகவும் பிடித்துப்போனது, மற்றவளுக்கு எரிச்சலூட்டியது. அவளுக்குப் பெற்றோரைக் கேட்டு வேறு வழி செய்தேன்.

இந்தப் பருவத்தில் ஒரு பையனிடம் மட்டும் எதுவும் எடுபடவில்லை. பந்து போனால் அவன் என்னைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் தன் அப்பாவைப் பார்க்கிறான். அப்பா திட்டுபவர் அல்ல, ஒரு போட்டியையும் தவறவிடாதவர். அவரிடம் பேசினேன். இப்போது அவர் நாங்கள் காக்கும் கூடைக்குப் பின்னால் போய் உட்கார்கிறார். பையன் அவரைத் தேடித் திரும்பினால், ஓடி வர வேண்டிய திசையைப் பார்த்துவிடுகிறான். இடைவேளைக்குப் பின் அணிகள் கூடை மாறும்போது அவரும் எழுந்து மறுமுனைக்கு நடக்கிறார்.