ஒரு நேரத்தில் ஓர் எண்: யமஹா டிஎக்ஸ்7-உடன் மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை மாலையில், பெங்களூர் விவேக் நகரில் ஒரு பெரியவரின் வீட்டிலிருந்து இந்தக் கீபோர்டை ஆட்டோவில் ஏற்றி அல்சூருக்குக் கொண்டுவந்தேன். பெட்டி கிடையாது. பழைய போர்வையில் சுற்றி மடியின் குறுக்கே வைத்துக்கொண்டேன். ஏறத்தாழ 14 கிலோ எடை. வீடு வந்து சேர்வதற்குள் தொடை மரத்துவிட்டது.

பெரியவர் தேவாலயப் பாடகர் குழுவுக்கு நெடுங்காலம் வாசித்தவர். விரல் மூட்டுகளில் வலி வந்தபின் நிறுத்திவிட்டார். காசை எண்ணாமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, உள்ளே இருக்கிற 32 சத்தமும் நான் செய்தது. கற்றுக்கொள்கிறேன் என்று அவற்றை அழித்துவிடாதே."

டிஎக்ஸ்7 வெளிவந்தது 1983-இல். 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும். அதற்கு முந்தைய சிந்தசைசர்களில், அதாவது சத்தத்தை மின்னணு முறையில் உருவாக்கும் இசைக்கருவிகளில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு இருக்கும். திருகிப் பார்த்தே பழகலாம். இதில் திருகே இல்லை. தட்டையான சவ்வுப் பொத்தான்கள் 32, எண்ணை ஏற்றி இறக்க ஒற்றைத் தள்ளுகட்டை, இரண்டு வரி மட்டும் காட்டும் சின்னத் திரை. ஒவ்வொரு பொத்தானுக்கும் மூன்று வேலை: சத்தத்தைத் தேர்ந்தெடுப்பது, சத்தத்தைத் திருத்துவது, கருவியின் பொது அமைப்பை மாற்றுவது. திரைக்குப் பின்விளக்கு இல்லாததால் பக்கத்தில் மேசை விளக்கு வேண்டும். வந்த முதல் மாதம் நான் எதையும் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் உண்மை. எண்களை மாற்றுவேன், சத்தம் தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஆகிவிடும், எந்த எண் அதைச் செய்தது என்று தெரியாது.

வழி காட்டியவர் பெரியவர்தான். தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாவற்றையும் மூடு. ஒன்றை மட்டும் திற. அது என்ன சொல்கிறது என்று கேள்" என்றார்.

இந்தக் கருவிக்குள் ஆபரேட்டர் என்று அழைக்கப்படும் ஆறு ஒலிமூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தருவது வெறும் சைன் அலை, அதாவது வேறு எதுவும் கலக்காத ஒற்றை நாதம். அவற்றை எப்படிக் கோக்கலாம் என்பதற்கு 32 அமைப்புகள். சில ஆபரேட்டர்கள் நம் காதுக்கு நேரே ஒலிக்கும். மற்றவை பின்னால் நின்று அவற்றின் அதிர்வெண்ணை அசைக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்தது இதைத்தான். நம் பாஷையில் சொன்னால், ஒரு சுரத்தின் அசைவை வேகப்படுத்திக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குமேல் காதால் அதை அசைவாகப் பின்தொடர முடியாது; அசைவே நாதத்தின் நிறமாக மாறிவிடும். கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கூடவே வந்த, ஆயத்தச் சத்தங்கள் பதிந்த செருகுபெட்டியான கேட்ரிட்ஜில் 11-ஆவதாக இருப்பது எலெக்ட்ரிக் பியானோ. எண்பதுகளின் பாட்டுகளோடு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். திருத்தும் நிலைக்குப் போனால் திரையில் 111111 என்று ஆறு ஒன்றுகள் தெரியும். ஆறு ஆபரேட்டர்களும் திறந்திருக்கின்றன என்று பொருள். முதலாவதை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் மூடினேன். 100000. ஒரு கட்டையை அழுத்தினால், மூச்சை எடுத்துவிட்ட புல்லாங்குழல்போல மொழுக்கென்று ஒரு நாதம். அதில் பியானோவே இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். 110000. அதே கட்டை, இப்போது தொடக்கத்தில் 'கிண்' என்று உலோகம் தட்டிவிட்டு மறைந்தது. காரணம், இரண்டாவது முதலாவதைப்போல் 14 மடங்கு அதிர்வெண்ணில் நின்று அசைக்கிறது. விரலை ஓங்கி அடித்தால் கிண் பெருகியது. மெல்லத் தொட்டால் ஒளிந்துகொண்டது. மூன்றும் நான்கும் சேர்ந்தபோது உடம்பு வந்தது. ஐந்தும் ஆறும் ஒன்று கீழே, ஒன்று மேலே மயிரிழை விலகிச் சுருதி சேர்க்கப்பட்டவை. இரண்டு தம்புராக்கள் இழைவதுபோல் ஓர் அலைவு கிடைத்தது. அன்று இரவு இதை மட்டும் இருபது முறையாவது செய்திருப்பேன். மூன்று ஆண்டுகளில் நான் கற்றதெல்லாம் அந்த இரவின் தொடர்ச்சிதான்.

சொந்தமாகச் செய்த முதல் சத்தம் மணி. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் தினமும் நடப்பவன் நான். மாலை மணியின் அடிக்குப் பிறகு இழுபடும் ரீங்காரம்தான் வேண்டியிருந்தது. இரண்டு ஆபரேட்டர்கள் போதும். அதிர்வெண் விகிதம் ஒலிப்பதற்கு 1.00, அசைப்பதற்கு 1.41. இந்த விகிதம் முழு எண்ணில் அடங்காததால்தான் உலோகத்தின் கோணலான நாதம் வருகிறது, 2.00 ஆக்கினால் மணி போய்விடும். ஆனால் என்னுடைய மணி 'டக்' என்று செத்துவிட்டது. தேயும் நேரத்தை நீட்டுவதாக நினைத்து எண்ணைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். இங்கே அந்த எண் நேரமல்ல, வேகம். 99 என்றால் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். குறைத்ததும் ரீங்காரம் நீண்டது. அசைப்பதைச் சற்று விரைவாகவும் ஒலிப்பதை மெதுவாகவும் தேயவிட்டால், உண்மையான மணியைப்போல் பளபளப்பு முதலில் அடங்கி அடிநாதம் கடைசியில் போகிறது.

இன்னொரு நாள், விரலை எடுத்தபின் ஓசை போய்ச் சேரும் நான்காவது அளவை 0-க்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். விரலை எடுத்த பிறகும் ஓசை நிற்கவே இல்லை. அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டதா?" என்றார். அந்த மணி சரியாக வந்திருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இரண்டாம் ஆண்டில் மின்கலம் பலவீனமானது. நினைவகத்தைக் காப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு நாணய மின்கலம். அதைக் கழற்றினால் 32 சத்தங்களும் போய்விடும். பெரியவரின் சத்தங்கள். அவற்றை, மின்னணு இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி வழியாகக் கணினிக்கு அனுப்ப எட்டாவது பொத்தானின் கீழ் வழி இருக்கிறது. மலிவான ஓர் இணைப்புக் கம்பியை வைத்து அனுப்பினேன். சேமிக்கப்பட்டது என்று கணினியும் சொன்னது. ஏதோ உறுத்தலில் கோப்பின் அளவைப் பார்த்தேன். 32 சத்தங்களுக்கு 4,104 பைட் இருக்க வேண்டும். சில நூறு பைட்டுகள் குறைந்தன. அதை நம்பி மின்கலத்தைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பழைய சிந்தசைசர் வைத்திருக்கும் எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பைட்டை எண்ணிப் பாருங்கள்.

நண்பரிடம் நல்ல மிடி இணைப்புக் கருவியை வாங்கிவந்து மூன்று முறை அனுப்பி, மூன்றும் 4,104 என்று உறுதியான பிறகே மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சிஆர்2032 மின்கலமும் அதற்கு ஒரு தாங்கியும் வாங்கினேன். பற்றவைத்துக் கொடுத்தவர், "இனிமேல் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம் சார்" என்றார். வீட்டுக்கு வந்து நினைவகப் பாதுகாப்பைத் தளர்த்திவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். மின்கலம் மாற்றியதும் திரையில் வந்திருந்த குப்பை எழுத்துகள் போய்ப் பெரியவர் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

உடனே அவரை அழைத்து, பேசியைக் கீபோர்டின் மேல் வைத்து 19-ஆம் சத்தத்தில் ஒரு சுரம் பிடித்தேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அது கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குச் செய்தது" என்றார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: அடிப்பக்கச் சுரங்களில் மெல்லிய இரைச்சல் கேட்கும், எதிரொலி போன்ற ஒப்பனை எதுவும் உள்ளே இல்லை, வெளியீடு ஒற்றை வழிதான். எனக்கு இவை குறையாகப் படவில்லை. கட்டைகளின் தொடுஉணர்வு இன்றும் அருமை. வாங்கும்போது 61 கட்டைகளையும் மெதுவாகவும் ஓங்கியும் தொட்டுப் பாருங்கள்; பொத்தான்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். மென்பொருளில் இதே முறையை வசதியாகச் செய்யலாம். எல்லா எண்களும் ஒரே திரையில் தெரியும். ஆனால் ஒரே ஓர் எண்ணை மட்டும் காட்டுகிற இந்தத் திரைதான் என்னைக் கேட்க வைத்தது.

இப்போது நாகஸ்வரத்தில் இறங்கியிருக்கிறேன். ஓர் ஆபரேட்டர் தன்னைத்தானே அசைத்துக்கொள்ளும் ஃபீட்பேக்கை உச்சமான 7-இல் வைத்தால் நாதத்தில் ஒரு காரம் ஏறுகிறது. ஊதும் காற்றால் ஒலியைக் கட்டுப்படுத்தும் ஊதுகருவிக்கும் இதில் ஓர் இணைப்புத் துளை இருக்கிறது. அந்த ஊதுகருவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். குழலின் கனம் ஓரளவு வந்துவிட்டது. சீவாளியில் காற்று முதலில் படும்போது எழும் அந்தக் கரகரப்பு மட்டும் இன்னும் வரவில்லை.