டீசார்ட்: யார்டு வரிசைக் கணக்குக்கு நான் நம்பும் கருவி

லினக்ஸ் போட்ட எந்தக் கணினியிலும் டெர்மினலைத் திறந்து tsort (டி, எஸ், ஓ, ஆர், டி) என்று ஐந்து எழுத்தைத் தட்டினால் ஓடுவதுதான் டீசார்ட், எது முன், எது பின் என்று வரிசை போட்டுத் தரும் கட்டளை. மேக்கிலும் உண்டு. தனியாக எதையும் இறக்க வேண்டாம், காசும் கிடையாது. 1979-இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த கட்டளை இது. இருந்தும் என்னோடு நிரல் எழுதுகிற பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

இரண்டிரண்டு பெயராகக் கொடுக்க வேண்டும். முன்னால் வரவேண்டியது, அடுத்து அதற்குப் பின்னால் வரவேண்டியது. எந்த ஜோடியையும் மீறாத ஒரு முழு வரிசையை, வரிக்கு ஒரு பெயராகத் தந்துவிடும். அந்தக் காலத்து லிங்கர் (நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) ஒரு லைப்ரரிக் கோப்பை ஒரே ஒரு முறைதான், அதுவும் வரிசையாகத்தான் படிக்கும். அதனால் உள்ளே இருப்பவற்றைச் சரியான வரிசையில் வைக்க இதைச் செய்தார்கள். அந்தத் தேவை எப்போதோ போய்விட்டது, கருவி மட்டும் நிலைத்துவிட்டது.

எனக்கு இது பயன்படுவது மணலிப் பக்கம். துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை அடுக்கி வைக்கிற யார்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. யார்டில் எல்லாருக்கும் அது 'பாக்ஸ்'தான். ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் பாக்ஸ்களில் கீழே உள்ளதை எடுக்க, மேலே உள்ளது முதலில் நகர வேண்டும். இதுவே ஒரு ஜோடி. பாக்ஸ் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும், நடுவில் இடைவெளி இல்லாமல் எழுதலாம். இடைவெளியை வைத்தே பெயர்களைப் பிரிக்கும் டீசார்ட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போல.

இதன் உண்மையான மதிப்பு முரண்பாட்டில் தெரியும். சூப்பர்வைசர் அண்ணன் வந்து, "தம்பி, இந்த பாக்ஸ் முதல்ல போவணும், ட்ரெய்லர் வெளிய நிக்குது" என்பார். அவர் முதலில் போகச் சொல்வது கீழே இருக்கும், பிறகு போகச் சொல்வது அதன் தலைமேல் இருக்கும். அவர் சொன்னதையும் அடுக்கையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளீட்டில் ஒரு சுழல் (ஒன்றுக்கொன்று முன்னால் வர வேண்டும் என்ற முரண்) இருக்கிறது என்று சொல்லி, அதில் சிக்கிய எண்களைத் தனியாக டீசார்ட் காட்டிவிடும். யாரோடும் வாதாட வேண்டாம், அந்த இரண்டு எண்களைக் காட்டினால் போதும்.

அப்படி வந்தால் நான் செய்வது இதுதான். ஒரு பாக்ஸை ஒரே பெயராக வைக்காமல், எண்ணோடு 'தூக்கு', எண்ணோடு 'வெளியே' என்று இரண்டு நிகழ்வாகப் பிரிக்கிறேன். மேல் பாக்ஸைத் தூக்கி ஓரமாக வைக்கலாம், கேட்டைத் தாண்டுவது பிறகு. சுழல் அவிழ்ந்துவிடும். பாக்ஸைத் தூக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கருக்கு ஒரு ஷிஃப்டிங் கூடுதல், அவ்வளவுதான். வரிசைப்படுத்துவது பொருள்களை அல்ல, நிகழ்வுகளை என்று பார்க்க ஆரம்பித்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

முதல் முறை பழக நினைப்பவர்களுக்கு, நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குப் புதிர்கள் உள்ள ப்ராஜெக்ட் ஆய்லர் தளத்தின் 79-ஆம் கணக்கைச் சொல்வேன். ஒரு ரகசிய எண்ணிலிருந்து மூன்று இலக்கங்களை மட்டும், இருக்கும் வரிசையிலேயே கேட்கிறார்கள். அப்படி வெற்றி பெற்ற 50 பதில்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் மிகக் குறுகிய ரகசிய எண் எது? முதல் வரி 319. ஆக, 3-க்குப் பின் 1, 1-க்குப் பின் 9. முதலில் காகிதத்தில் போடுங்கள். எதற்குப் பின்னாலும் வராத இலக்கம் எது என்று தேடினால் தலை கிடைக்கும். அதை அடித்துவிட்டு மறுபடி தேடினால் அடுத்தது. ஆர்தர் கான் 1962-இல் வெளியிட்ட முறையின் சாரமே இதுதான். அப்புறம் ஜோடிகளை டீசார்ட்டுக்குக் கொடுத்துச் சரிபாருங்கள். விடையைச் சொல்ல மாட்டேன், அந்த மகிழ்ச்சி உங்களுடையது.

குறை உண்டு, அதுவும் பெரிய குறை. டீசார்ட் ஒரு வரிசையைத் தரும். அது ஒன்றுதான் சாத்தியமா, வேறு வரிசையும் பொருந்துமா என்று சொல்லாது. 79-ஆம் கணக்கில் ஒரே வரிசைதான் பொருந்தும், ஆனால் அதை நாமாகத்தான் உறுதி செய்ய வேண்டும். வழி எளிது: விடையில் அடுத்தடுத்து நிற்கும் ஒவ்வொரு இரண்டுக்கும் உள்ளீட்டில் நேரடி ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் இருந்தால் வேறு வரிசைக்கு இடமே இல்லை. ஓரிடத்தில் இல்லாவிட்டாலும் அந்த இரண்டும் இடம் மாறலாம். யார்டில் இந்த வேறுபாடு காசு: இடம் மாறக்கூடிய இரண்டையும் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் எடுக்கலாம்.

அந்தத் தகவல் அடிக்கடி வேண்டுமென்றால் பைத்தான் நிரல்மொழியின் 3.9 பதிப்பில் சேர்ந்த கிராஃப்லிப் (graphlib) என்ற தொகுப்பு நல்லது. இப்போது எடுக்கத் தயாராக இருப்பவை எவை என்று மொத்தமாகக் கேட்கலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் வரிசை ஒன்றல்ல. சுழல் இருந்தால் அதுவும் பிழை காட்டி நின்றுவிடும். டீசார்ட்டோ எச்சரித்துவிட்டு மீதி வரிசையையும் அச்சிட்டுக்கொண்டே போகும். ஆகவே லினக்ஸ் ஸ்கிரிப்ட்டில் போடுகிறவர்கள் வெளியேறும் குறியீட்டை, அதாவது கட்டளை முடியும்போது வெற்றியா பிழையா என்று விட்டுச்செல்லும் எண்ணை, கட்டாயம் சோதியுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்றைக் குறைத்தது, ஒரே விடையா பல விடையா என்று சொல்லாததற்காக.