ஷாம்பூவுக்கு எது: சல்பேட்டா, குளுக்கோசைடா?

இரண்டுமே ஷாம்பூவில் அழுக்கை நீக்கி நுரை தரும் பொருட்கள். சோடியம் லாரெத் சல்பேட் சொன்னபடி கேட்கிற சரக்கு. தண்ணீராக ஓடும் கலவையில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், ஒரு கட்டத்தில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். ஆசைப்பட்டு அளவுக்கு மேல் போட்டால் போச்சு, மறுபடி நீர்த்துவிடும். நுரையும் தாராளம்.

டெசில் குளுக்கோசைடு உப்புக்கெல்லாம் மசியாது. கெட்டியாக்கச் சாந்தன் கம் மாதிரி ஏதாவது வேண்டும். வாங்கும்போதே அதன் பிஎச் (அமில-கார அளவு) 11-க்கு மேல், அதாவது நல்ல காரமாக இருக்கும். சிட்ரிக் அமிலம் விட்டு 5.5 பக்கம் இறக்க வேண்டும். மறந்தால் முடியின் செதில்கள் தூக்கிக்கொண்டு சிக்கு விழும். ஆனால் தோலை உறுத்துவது குறைவு.

எளிதில் எரிச்சல் வரும் தலைக்கு நான் குளுக்கோசைடையே எடுப்பேன். எண்ணெய் வழியும் தலைக்கா? சல்பேட்தான், கூடவே கொஞ்சம் கோகாமிடோபுரோபைல் பீட்டைன் என்கிற மென்மையான நுரைப்பொருள், உறுத்தல் தணியும்.