ஐசிஎஃப் ரயில் மியூசியம்: டாய் ட்ரெயினுக்காக மட்டும் போவாதீங்க

வடசென்னைல இருந்துனு பசங்கள ஒரு நாள் வெளிய கூட்டினு போவணும்னா நம்ம ஆளுங்களுக்கு மொதல்ல தோணுறது மெரினா, இல்லனா ஏதாவது மால், கையில கொஞ்சம் காசு இருந்தா ஈசிஆர் பக்கம். நியூ ஆவடி ரோட்ல, ரயில் பெட்டி செய்ற ஐசிஎஃப் ஃபேக்டரி பக்கத்துல இருக்குற ரயில் மியூசியத்த சொன்னா "அதுவா, டாய் ட்ரெயின் சுத்துமே அதானே"ன்னு கேப்பாங்க. எனக்கு அத கேக்கும்போது மனசு ஆறவே மாட்டேங்குது. மூணு நாலு மணி நேரம் நிதானமா சுத்தி பாக்க வேண்டிய எடம் அது, அதுவும் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்ல வளர்ற பசங்களுக்கு. இந்த ஏரியால ரெண்டு வூட்டுக்கு ஒரு வூட்ல யாராவது ரயில்வேல இருந்திருப்பாங்க, அவங்க கையால செஞ்ச வேலதான் அங்க வெட்டவெளில நிக்குது. அதனால கொஞ்சம் விலாவரியாவே எழுதுறேன். என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலர.

எப்டி போறதுன்னு மொதல்ல சொல்லிட்றேன், ஏன்னா பாதி விஷயம் அதுலதான் இருக்கு. காரு, ஆட்டோலாம் வேணாம், எலக்ட்ரிக் ட்ரெயின்ல போங்க, முடிஞ்சா ராயபுரம் ஸ்டேஷன்லேர்ந்தே ஏறுங்க. நாங்க அப்டித்தான் போனோம், நான், வூட்டுக்காரரு, பையன், பொண்ணு, கூட எங்க பெரியப்பா, அவரு ரயில்வேயோட பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ராயபுரம் ஸ்டேஷன தெனமும் தாண்டி போறோம், ஆனா பசங்கள நிக்க வச்சு அந்த பெரிய தூணுங்கள காட்டி "இது 1856ல தொறந்தது, தென்னிந்தியாவுல மொத பயணிகள் ரயில் இங்கேர்ந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு"ன்னு யாரும் சொல்றது இல்ல. பம்பாய், தானா ரயில் 1853லயே ஓடிடுச்சு, ஆனா அந்த பழைய ஸ்டேஷன் கட்டடங்க இப்ப இல்ல, அதனால நாட்டுல இன்னும் நிக்குறதுலயே பழசு நம்ம ராயபுரம்தான். சென்ட்ரலே 1873லதான் வந்தது! இன்னொண்ணு, அதுக்கெல்லாம் முன்னாடி 1837லயே நம்ம செங்குன்றம் பக்கம் கல்லு ஏத்துறதுக்கு ரயில் ஓட்டியிருக்காங்க. நம்ம ஏரியாவுக்கு எவ்ளோ பெரிய கத இருக்கு பாருங்க.

பீச் ஸ்டேஷன்லேர்ந்து ஆவடி பக்கம் போற வண்டி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், அப்பறம் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்னு போயி வில்லிவாக்கம் வரும். அந்த வண்டி அடிக்கடி கெடைக்காது, டைம் பாத்துனு கெளம்புங்க. வில்லிவாக்கத்துல எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சா போதும். வழில கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் போர்டு வந்தா பசங்கள படிக்க சொல்லுங்க. ஒண்ணு பெட்டிய பழுது பாக்குற எடம், இன்னொண்ணு இன்ஜின பழுது பாக்குற எடம். 1855ல செஞ்ச ஒரு நீராவி இன்ஜின், பேரு ஈஐஆர் 21, நூறு வருஷமா ஓடாம கெடந்தத லோகோ ஒர்க்ஸ் ஆளுங்கதான் உயிர் குடுத்து 2010ல திரும்ப தண்டவாளத்துல ஓட வச்சாங்க. பெரியப்பா இத சொல்லும்போது பையன் ஜன்னல வுட்டு நகரவே இல்ல, "எங்க தாத்தா, எங்க"ன்னு லோகோ ஷெட்டு பக்கமே பாத்துனு வந்தான்.

மியூசியம் 2002ல தொறந்தது. உள்ள போனதும் பசங்க டாய் ட்ரெயின பாத்துட்டு அங்கதான் ஓடுவாங்க, புடிச்சு நிறுத்துங்க. அத கடைசில வச்சுக்கோங்க, ஏன்னா ஒரு ரவுண்டு சுத்தி எறங்கிட்டா இன்னொரு ரவுண்டுன்னுதான் நிப்பாங்களே தவிர வேற எதையும் கண்ணெடுத்து பாக்க மாட்டாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வெளிய நிக்குற இன்ஜின், பெட்டிங்கள பாத்துடுங்க, உச்சி வெயில் நேரத்துல உள்ள இருக்குற மாடல் ரயிலுங்க, பழைய சாமான்லாம் பாக்கலாம்.

நீராவி இன்ஜின் கிட்ட நல்லா நேரம் எடுங்க, இத நான் அழுத்தி சொல்றேன். சக்கரம் நம்ம பொண்ணோட ஒசரத்துக்கு மேல இருக்கு. பெரியப்பா அவள தூக்கி வச்சுனு "கண்ணு, இங்க உள்ள அடுப்பு, கரி போட்டு எரிப்பாங்க, அந்த சூடு இந்த நீட்டு வயித்துக்குள்ள கொழாய் கொழாயா போவும், சுத்தி தண்ணி, தண்ணி கொதிச்சு ஆவி ஆவும், நம்ம வூட்டு குக்கர்ல விசில் தூக்குது இல்ல அதே சக்திதான், அது போயி இந்த பிஸ்டன தள்ளும், பிஸ்டன் இந்த இரும்பு கம்பிய தள்ளும், கம்பி சக்கரத்த சுத்தும்"னாரு. அவ ஒவ்வொண்ணா வெரல் வச்சு "அடுப்பு, தண்ணி, ஆவி, கம்பி, சக்கரம்"னு திருப்பி சொன்னா. எந்த யூடியூப் வீடியோவும் இத இப்டி சொல்லி தராது, ஏன்னா தொட்டு பாக்க முடியாது இல்ல.

அடுத்து கேஜ் விஷயம். அகல பாதைன்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ்னா 1000. ரெண்டுலயும் பசங்கள கைய விரிச்சு பாக்க சொல்லுங்க, சட்டுனு புரிஞ்சிடும். பீச் டு தாம்பரம் மீட்டர் கேஜ்ல எலக்ட்ரிக் வண்டி ஓட ஆரம்பிச்சது 1931லயே, அப்பறம் 2004ல அது மொத்தமா நின்னுபோச்சு. முப்பது வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு அந்த சின்ன வண்டி ஞாபகம் இருக்கும், பசங்களுக்கு சொன்னா கத மாதிரி கேப்பாங்க. ஊட்டி ரயில் பெட்டியும் இங்க இருக்கு. அந்த மலப்பாதைல 12 அடி போனா 1 அடி ஏறும், வெறும் சக்கரம் வழுக்கிடும்னுதான் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்பு பட்ட போட்டு இன்ஜின்ல இருக்குற பல்சக்கரம் அத புடிச்சு புடிச்சு ஏறுது. ஊட்டிக்கு போவணும்னு அடம் புடிக்குற பசங்களுக்கு மொதல்ல இத காட்டுங்க, அப்பறம் அங்க போவும்போது அவங்களே உங்களுக்கு சொல்லி தருவாங்க.

எனக்கு நெஞ்சு நெறஞ்ச எடம் ஐசிஎஃப் பெட்டி கததான். சுவிட்சர்லாந்து கம்பெனி கூட ஒப்பந்தம் போட்டு ஆரம்பிச்ச ஃபேக்டரி, 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து தொறந்து வச்சாரு. மொதல்ல வெறும் கூடுதான் செஞ்சாங்க, 1962லதான் சீட்டு, ஃபேன், லைட்டுலாம் மாட்டுற ஃபர்னிஷிங் பிரிவு வந்தது, மியூசியம் இருக்கறது அந்த ஃபர்னிஷிங் பக்கத்துலதான். காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் ஜனங்க தூங்கினே போன நீலப் பெட்டிங்க நம்ம பெரம்பூர்ல செஞ்சது! 2018ல அந்த பழைய டிசைன் பெட்டி செய்றத நிறுத்திட்டாங்க, அதே வருஷம் மொத வந்தே பாரத்தும் இங்கதான் பொறந்துச்சு. பெரியப்பா ரெண்டு பெட்டி சேர்ற எடத்த காட்டி, பழசுல ரெண்டு பக்கமும் இடிய தாங்குற பஃபர், நடுவுல திருகு போட்டு மாட்டுற கொக்கி, ஆக்சிடென்ட் ஆனா ஒரு பெட்டி மேல இன்னொண்ணு ஏறிடும், இப்ப வர்ற எல்எச்பிங்குற புது டிசைன் பெட்டில நடுவுல ஒரே கப்ளிங், ஏறாம புடிச்சுக்கும்னு சொன்னாரு. பையன் வூட்டுக்கு வந்ததும் ரெண்டு மாதிரியும் ரயில் வரஞ்சான், பஃபர் இருக்குறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு.

எனக்கு ஒரே ஒரு ஆச. இப்டி கேரேஜ்ல, லோகோல, ஐசிஎஃப்ல ரிட்டையர் ஆன பெரியவங்கள ஞாயித்துக்கெழமைல அங்க உக்கார வச்சு பசங்களுக்கு சொல்ல சொன்னா எவ்ளோ நல்லா இருக்கும். அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் ஒரு நல்ல க்ளாஸ். அதுவரைக்கும் உங்க தெருவுலயே அப்டி ஒருத்தர் இருப்பாரு, கூட வாங்க ஐயான்னு கேளுங்க, கண்டிப்பா வருவாரு. அவருக்கு ட்ரெயின்ல ஜன்னல் சீட்ட குடுங்க.

அரை மார்க்கு கொறச்சது வெயிலுக்குதான். தெறந்த எடம், எல்லாம் இரும்பு, மத்தியானம் தொட்டா சுடும். சின்ன கொழந்த இருந்தா தொப்பி, தண்ணி பாட்டில் ரெண்டு எடுத்துக்கோங்க. சாப்பாட்டுக்கு நாங்க புளி சாதம், தயிர் சாதம், உருளக்கெழங்கு வறுவல் கட்டினு போனோம், அதுதான் பசங்களுக்கும் சேரும், காசும் மிச்சம். ஒரு குடும்பம் மால்ல பாப்கார்ன் வாங்குற காசுல இங்க ஒரு நாளே போயிடும்.

வரும்போது பீச் ஸ்டேஷன் வண்டி கெடச்சா ராயபுரத்துல எறங்காதீங்க, நேரா பீச் வரைக்கும் வாங்க. சாயந்தரம் பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ், முட்ட மசாலா சூடா கெடைக்கும். பர்மாலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு அது, அதையும் பசங்களுக்கு சொல்லி குடுத்தே சாப்புட வைங்க, காரம் கம்மியா போட சொல்லுங்க, வாழத்தண்டு சூப்பு தனியா கேட்டு வாங்குங்க.

திங்கக்கெழம மியூசியம் லீவு. மார்கழி, தை மாசம் போனா ரொம்ப நல்லது, கத்திரில வேண்டவே வேணாம். காணும் பொங்கல் அன்னிக்கு கூட்டம் தாங்காது, அத வுட்டு அடுத்த வாரம் போங்க.