தலவாக்கலையிலிருந்து வரும் கேஸ் கீசர் தம்பி: எங்கள் விடுதி அனுபவம்

நுவரெலியாவில் கேஸ் கீசர், அதாவது கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவி, பூட்ட ஆள் தேடினால் டவுனிலேயே கிடைப்பார்கள். பூட்டிய பிறகு அளந்து பார்த்து, "இனிப் பயமில்லாமல் குளிக்கலாம்" என்று பொறுப்போடு சொல்லக்கூடிய ஆளைத் தேடித்தான் நான் அலைந்தேன். கடைசியில் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய வேலையைப் பற்றி விபரமாகவே எழுதுகிறேன். விடுதி நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறவர்களுக்கும் இது தேவைப்படும்.

நாங்கள் கந்தப்பளை ரோட்டில் நான்கு அறை கொண்ட சிறிய விடுதி நடத்துகிறோம். வீட்டை லீசுக்கு எடுத்தபோதே இரண்டு குளியலறைகளுக்குள்ளும் கீசர் பூட்டியிருந்தது. புகை வெளியே போகக் குழாய் கிடையாது. ஆரம்பத்தில் சர்வீஸ் செய்ய வந்த ஒருவர் பேட்டரியை மாற்றினார், ரெகுலேட்டரைப் பெரிதாகப் போட்டால் இன்னும் நன்றாக எரியும் என்றார், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சீசனில் தங்க வந்த குடும்பத்தில், குளித்து முடித்த பெண்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வாந்தி வருகிறது என்றாள். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காற்றுப்பட வைத்ததும் மெல்ல மெல்லத் தெளிந்தாள். அன்றைக்கே இரண்டு கீசரையும் மூடிவிட்டு, ஹோட்டல்களில் பராமரிப்பு வேலை செய்கிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். இரண்டு பேர் ஒரே ஆளின் நம்பரைத் தந்தார்கள்.

தம்பி வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. கையடக்கமான ஒரு மீட்டரைக் குளியலறைத் தட்டில் வைத்து, கீசரைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே மீட்டர் கத்த ஆரம்பித்தது. கதவைத் திறந்து காட்டினார், கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு நூறு பிபிஎம்மை (காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு) தாண்டியிருந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று அதில் மணம் சேர்த்திருக்கிறார்கள். சரியாக எரியாத சுவாலையிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், ஆளுக்கு வெறும் தலையிடி, அசதி மாதிரிதான் தெரியும்.

"அக்கா, இத இங்க வச்சு ஓட விடமாட்டேன். வெளிச் சுவருக்கு மாத்துறதுன்னா செஞ்சு தாறேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை யாரிடமும் சிபாரிசு செய்வேன். இரண்டு கீசரையும் கழற்றி, கூரைத் தகரத்துக்குக் கீழே வெளிச் சுவரில் பூட்டினார்.

அழுத்தம் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மரப்பலகையில் யூ வடிவத்தில் வளைத்துக் கட்டிய கண்ணாடி டியூப், அதற்குள் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், பக்கத்தில் ஸ்கேல். ஒரு முனையை கேஸ் லைனில் சொருகினார். வீட்டு ரெகுலேட்டர் தரவேண்டியது சுமார் 30 மில்லிபார், அதாவது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வித்தியாசம். கீசர் நின்றிருந்தபோது சரியாகவே காட்டியது. ஒன்றைப் போட்டதும் கொஞ்சம் இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் சிவப்புக் கோடு சரசரவென்று கீழே வந்துவிட்டது. எங்கள் டியூப் ஒடுக்கம், ஒரே சிலிண்டர், அதுவும் குளிரில் நிற்கிறது என்று மூன்று காரணத்தையும் அந்த இடத்திலேயே காட்டினார். முன்பு வந்தவர் சொன்ன பெரிய ரெகுலேட்டர் இதற்கு மருந்தே இல்லை. அழுத்தம் அளவுக்கு மீறினால் சுவாலை கட்டுப்படாமல் எரிந்து கரியும் நச்சுவாயுவும்தான் கூடும்.

குளிர் விஷயம் நம் மலைக்கே உரியது. சிலிண்டருக்குள் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோபேன் மைனஸ் 42 பாகையிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனுக்குக் கொதிநிலை கிட்டத்தட்ட பூச்சியம். கொழும்பில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும்போது பியூட்டேன் சோம்பிப் போகிறது. நிமிடத்துக்கு ஆறு லீட்டர் தரும் கீசர் முழுவேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட கேஸ் குடிக்கும், அடுப்பின் ஒரு பர்னரைப்போல நாலைந்து மடங்கு. அவ்வளவு வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரே இன்னும் குளிர்ந்து, வெளியே வியர்த்து, சுவாலை சிறுத்துவிடும். சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். திரவம் அப்படியே ரெகுலேட்டருக்குள் போய்விடும், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தம்பி 12.5 கிலோ சிலிண்டர் இரண்டை ஒரே லைனில் இணைத்து, இரண்டிலிருந்தும் சேர்ந்து வரும்படி செய்தார். அப்புறம் விடியற்காலையில் சுடுதண்ணீர் குறைந்தது என்று எந்த அறையிலிருந்தும் பேச்சு வரவில்லை.

2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிலிண்டருக்குள் கலவையின் விகிதத்தை மாற்றியதைத்தான் அப்போது நியமித்த குழு காரணமாகச் சொன்னது. புரோபேன் கூடினால் குளிருக்கு நல்லதுதான். ஆனால் அழுத்தமும் கூடும், பழைய டியூபும் கிளிப்பும் அதைத் தாங்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்த ஆள்தான் நமக்கு வேண்டும். அந்த நேரம் சனங்கள் அடுப்பு டியூபை மாற்றினார்களே தவிர கீசரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்து கீசர்கள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. அப்படிக் கிடந்த கீசர்களைத் திறந்தால் பர்னர் வாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும் என்று தம்பி சொன்னார். எங்களுடைய ஒன்றிலும் இருந்தது, மெல்லிய தூரிகையால் இழுத்து எடுத்துக் காட்டினார். அவ்வளவு சிறிய வலை போதும், காற்று தடைபட்டு நீலச் சுவாலை மஞ்சளாகிவிடும்.

இதோடு உயரமும் சேர்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கடல்மட்டத்துக்கு அளந்து செய்த பர்னருக்கு இங்கே ஒட்சிசன் போதாது. அதற்கேற்ப ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் சிறு துளையை, சிறிதாக்கி, சுவாலை நீலமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைப் பூட்டினார். கடைசியில் மறுபடியும் மீட்டரைக் குளியலறைக்குள் வைத்தார், பூச்சியம்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் தம்பி என்று கேட்டேன். தோட்டத்துப் பிள்ளைதான். கத்தாரில் ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தபோது கேஸ் வேலையைக் கற்றிருக்கிறார். திரும்பி வந்து, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், அதாவது வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையில், பிளம்பிங்கில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 எடுத்திருக்கிறார். கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாத நம் இளைஞர்கள் இந்த வழியைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஆனால் மலையின் குளிருக்கும் உயரத்துக்கும் கேஸ் சாதனத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்பதை ஒருவர் கத்தாருக்குப் போய், பிறகு இங்கே தானே தட்டித் தடவித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஹட்டனிலேயே தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, பிளம்பிங், வயரிங் படித்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில், இந்த மலைக்கென்றே ஒரு கேஸ் பயிற்சி தந்தால் எத்தனை வீட்டுக்கு உதவும்!

என் நாத்தனார் லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறார். அங்கே வீடு முழுக்கச் சூடாக்குவதே கேஸ் பாயிலர்தான். பதிவு இல்லாதவர் அதில் கை வைப்பது சட்டப்படி குற்றம். 2009 ஏப்ரலிலிருந்து கேஸ் சேஃப் என்ற பதிவேடு நடக்கிறது. வருகிறவர் படம் போட்ட அட்டையைக் காட்டுவார், எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யத் தகுதி என்று அதன் பின்பக்கத்தில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியைத் திரும்ப நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரர் வருடந்தோறும் சோதிக்க வைத்து, அந்தச் சோதனைப் பத்திரத்தின் பிரதியை வாடகைக்கு இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். நம் விடுதிகளுக்கும் அந்த வருடாந்தச் சோதனையாவது வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நம்மை நம்பித்தான் விருந்தாளி குளியலறைக் கதவைச் சாத்துகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. தம்பி ஒற்றை ஆள். உதவிக்கு ஒரு பையன்கூட இல்லை, அதனால் சொன்ன நாளில் வர முடியாமல் போகிறது. எங்களுக்கும் இரண்டு முறை தள்ளிப் போட்டார். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வந்தால்தான் உண்டு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் இந்தப் பக்கத்தில் நான் கூப்பிட வேறு ஆள் இல்லை. கட்டணம் டவுனில் கேட்பதைவிடக் கூட, சர்வீஸுக்கு ஒரு கீசருக்கு 5,000 ரூபாயும் பயணச் செலவும் எடுத்தார், இடம் மாற்றியது தனிக் கணக்கு. எனக்கு அது கூடுதலாகப் படவில்லை. திகதி, அழுத்தம், மீட்டர் காட்டிய அளவு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அதை வரவேற்பு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

படுக்கையறைக்குள் வைக்கும் கேஸ் ஹீட்டரும் கேட்டுப் பார்த்தேன். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரைத் தூங்கும் அறைக்கு வைத்துத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். விருந்தாளிகளுக்குக் கூடுதல் கம்பளி வாங்கிப் போட்டுவிட்டேன்.

அவரைக் கூப்பிட நினைப்பவர்கள் கீசரை முதலில் வாங்கிவிடாதீர்கள், சுவரைப் பார்த்த பிறகு எது சரி என்று அவரே சொல்வார். நம்பரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், வேண்டியவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள். ஏப்ரல் சீசனுக்கு முன்பு வேலை முடிய வேண்டுமானால் பெப்ரவரியிலேயே சொல்லிவையுங்கள்.