புளூஸ்கையா, புலனமா? பினாங்கு ஆய்வாளருக்கு எது எதற்கு

கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் டெங்கி ஆய்வு செய்பவர் தன் கட்டுரையை எங்கே பகிர்வது? சக ஆய்வாளர்களுக்கு என்றால் தயங்காமல் புளூஸ்கை, எக்ஸ் போன்ற குறும்பதிவுத் தளம். ஒரு பதிவுக்கு 300 எழுத்து. ‘கொ’ அங்கே ஓரெழுத்துதான், எக்ஸ் தளத்தில் இரண்டாகக் கணக்கிடுவார்கள். கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ இணைப்பை முதல் பதிவிலேயே போடுங்கள். வெறும் படமாகப் போட்டால் ஒரு கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்று எண்ணும் ஆல்ட்மெட்ரிக் கணக்கில் ஏறாது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் அக்காவுக்கு அது போய்ச் சேராது. அவருக்குப் புலனம்தான், அதாவது வாட்ஸ்அப். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம், ஆனால் கோளாறும் அங்கேதான்: பலமுறை கைமாறிய செய்தியில் யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதே தெரியாது, பழைய எச்சரிக்கை புதிதுபோலச் சுற்றும். ஆகவே தேதி, பெயர், துறை மூன்றையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். ஒரு படத்துக்கு ஒரே செய்தி போதும்: “பூச்சாடித் தட்டின் நீரை வாரம் ஒருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.” தேய்க்கச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், டெங்கியைப் பொறுத்தவரை புலனமே முதலில். இதழில் வெளிவராத தரவை மட்டும் இரண்டிலும் போடாதீர்கள்.