கழுத்துக் கருமைக்கு விற்கும், மூணு மருந்து கலந்த க்ரீம்: மங்குக்கு 4 ஸ்டார், கழுத்துக்கு 1

“கழுத்து கருப்பா இருக்கு, எதாச்சும் குடுங்க” என்று வேலூரில் மெடிக்கல் கவுன்டரில் கேட்டால், இந்த வகை ட்யூப் கைக்கு வர நிறைய வாய்ப்பு உண்டு. 15 அல்லது 20 கிராம். பெயர் எதுவானாலும் பின்னால் பொடி எழுத்தில் பாருங்கள்: ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினோயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. கன்னத்து மங்குக்கு உண்டான கலவை இது. டாக்டர் சொன்ன வாரக்கணக்கோடு, ராத்திரி மட்டும் போட்டால் நல்ல மருந்துதான்.

பிடரிக் கருப்பு வேறு சங்கதி. விரலால் தடவினால் வெல்வெட் துணி மாதிரி தடித்து, வரிவரியாகத் தெரியும். அங்கே கூடியிருப்பது பெரும்பாலும் தோல்தான், நிறமி இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக எடுபடாதபோது கணையம் இன்னும் அதிகம் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருக்குகிறது. ட்ரெட்டினோயின் லேசாக உரிப்பதால் சில வாரம் வெளுத்த மாதிரி இருக்கும். நிறுத்தினால் பழையபடி. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பதும் வீண். உரசலில் இன்னும் கருக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து, பிடரியில் ஒரு ரூபாய் அளவு இடத்தை அழுத்தித் துடையுங்கள். பஞ்சு பழுப்பாகி அந்த இடம் தெளிந்தால் படிந்த அழுக்கு, க்ரீமே வேண்டாம். அசையவில்லை என்றால் அக்குள், விரல் முட்டி, தொடை இடுக்கு பாருங்கள். அங்கும் கருமை, கழுத்தில் குட்டிக் குட்டி மரு, இடுப்புச் சுற்று ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் இன்சுலின் கோளாறு என்ற சந்தேகம் வலுக்கிறது. பெண்களுக்குத் தாடையில் முடி, 35 நாள் தாண்டி வரும் மாதவிடாய் இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) பார்க்க வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் விரலில் குத்திப் பார்த்துச் சர்க்கரை சரி என்றாலும் அதோடு விடாதீர்கள். இன்சுலின் வருடக்கணக்கில் ஏறியிருந்தும் சர்க்கரை நார்மலாகவே காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூணு மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் எடுங்கள், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4% வரை சர்க்கரை நோய்க்கு முன்நிலை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். எடையில் 5 முதல் 7% குறைத்தால் கழுத்தும் மெல்லத் தெளியும், மாதக்கணக்கில். அதுவரை சொரசொரப்புக்கு 10% யூரியா க்ரீம் போதும்.

இந்த ட்யூபின் பெரிய குறை மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவப்புக் கோடு விழும். இடுக்கில் படர்தாமரை இருப்பது தெரியாமல் தடவினால் அரிப்பு அடங்கி, பூஞ்சை மட்டும் பரவும். அக்னி நட்சத்திர வெயிலில் ட்ரெட்டினோயின் போட்ட கழுத்தோடு வெளியே போனால் எரிச்சலெடுத்துக் கருமை கூடும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. 2018-லேயே ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை, டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சீட்டு இல்லாமல் விற்பதே தப்பு.

ஒல்லியான, நாற்பது தாண்டியவருக்குச் சில மாதத்தில் திடீரென்று கருத்து, உள்ளங்கையும் தடித்து, எடையும் இறங்கினால் க்ரீம் தேட நேரமில்லை. வயிற்றுப் புற்றுநோய் உண்டா என்று பார்த்தாக வேண்டும். ஈறும் கைரேகையும் கருத்து, ஓயாத அசதியும் தலைச்சுற்றலும் இருந்தால் அட்ரினல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். இதற்கெல்லாம் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ போகும்போது பாதி தீர்ந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன தடவினீர்கள் என்று டாக்டர் முதலில் கேட்பார்.